ஓய்வு நாள் என்று நீங்கள் நினைக்கும் புதன்கிழமை

கேள்வி: எனக்கு வயது 42. ஓட ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது. போன அரை மாரத்தானை (21.1 கி.மீ.) 2 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். அடுத்ததற்கு இன்னும் 14 வாரம் இருக்கிறது. 2 மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று ஆசை. என் வாரம் இப்படி. திங்கள் 40 நிமிடம் நீச்சல். செவ்வாய் 8 கி.மீ., கிலோமீட்டருக்கு 6:00 நிமிடம். புதன் ஓய்வு மாதிரி, 50 நிமிடம் ஸ்பின் வகுப்பு (நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள்) மட்டும். வியாழன் 8 கி.மீ. டெம்போ, அதாவது ஒரே சீரான வேக ஓட்டம், 5:50. வெள்ளி 50 நிமிடம் ஜிம், கால் பயிற்சி. சனி ஈசியாக 6 கி.மீ., 6:10. ஞாயிறு லாங் ரன், 18 கி.மீ., 6:15. முன்பு லாங் ரன் 13 கி.மீ.தான். ஐந்து வாரத்துக்கு முன் நண்பர்கள் கூப்பிட்டதால் 18 ஆனது. அதிலிருந்து வேகம் அப்படியே நிற்கிறது. மூன்று வாரமாக வலது கணைக்காலின் உள்பக்கம் வலி. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் போய்விடுகிறது, மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது திரும்ப வருகிறது. காலையில் எழும்போது 54 ஆக இருந்த இதயத்துடிப்பு இப்போது 60. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். எடை குறைந்தால் வேகம் வரும் என்று இரவுச் சாப்பாட்டையும் குறைத்துப் பார்த்தேன். ஸ்பின் வகுப்பிலும் செவ்வாய் ஓட்டத்திலும் வாட்ச் காட்டும் சராசரித் துடிப்பு 152. ஓட்டத்தைக் குறைப்பதா, நீச்சல், ஸ்பின், ஜிம் என்ற கிராஸ் டிரெயினிங்கை விடுவதா? ஷூவை மாற்றினால் சரியாகுமா?

பதில்: முதலில் காலைப் பார்த்துவிடுவோம். அது என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

உட்கார்ந்து வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கணைக்கால் எலும்பின் உள் விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். வலி ஒரு பட்டைபோல ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் பரவியிருந்தால், ஓட்டக்காரர்கள் ஷின் ஸ்பிளிண்ட்ஸ் என்று சொல்கிறார்களே, பெரும்பாலும் அதுதான். தொந்தரவுதான், ஆனால் சமாளிக்கலாம். ஒரே இடத்தில், ஒரு விரல்நுனிக்குள் அடங்குகிற மாதிரி சுரீரென்று வலித்தால் கதை வேறு. படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, நடந்தாலே வலிக்கிறது, வலி உள்விளிம்பில் இல்லாமல் எலும்பின் முன்பக்கத்தில் இருக்கிறது என்றாலும் அப்படித்தான். எலும்பில் நுண்ணிய விரிசல் தொடங்கியிருக்கலாம். அப்போது இந்தப் பதிலின் மீதியைப் படிக்காமல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். இந்த விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்ஆர்ஐயில் தெரியும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் வகை என்றுதான் படுகிறது. ஆனால் 'பத்து நிமிடத்தில் போய்விடுகிறது' என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பு சூடானதும் வலி மறைகிறதே தவிர, அதற்குக் காரணமான சேதம் அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள் நம்ப வேண்டியது மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும் அந்த முதல் பத்து அடியை.

சரி, இப்போது கணக்கு. அரை மாரத்தானை 2 மணி 10 நிமிடத்தில் முடித்தீர்கள் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6:10. போட்டியில், முழு மூச்சாக, கூட்டம் கைதட்ட ஓடிய வேகம் அது. இப்போது உங்கள் வாரத்தைத் திரும்பப் பாருங்கள். சனிக்கிழமை 'ஈசி' ஓட்டம் 6:10, போட்டி வேகமேதான். செவ்வாய் அதைவிடப் பத்து விநாடி வேகம். வியாழன் 5:50 என்பது இன்றைய நிலையில் நீங்கள் 10 கி.மீ. போட்டியில் ஓடக்கூடிய வேகம். அதில் 8 கி.மீ. ஓடிவிட்டு டெம்போ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஞாயிறு போட்டியைவிட ஐந்தே விநாடி மெதுவாக 18 கி.மீ. அதாவது ஐந்து வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் கிட்டத்தட்ட ஒரு அரை மாரத்தான் போட்டி ஓடிவிட்டுத் திங்கள்கிழமை வேலைக்குப் போகிறீர்கள். வேகம் ஏன் கூடவில்லை என்று கேட்கிறீர்கள். எப்போது கூடும்?

உங்களுக்கு ஈசி என்றால் 7:00-க்கும் 7:30-க்கும் நடுவில். படித்ததும் முகம் சுளித்திருப்பீர்கள், தெரியும். என்னிடம் வருகிற எல்லோரும் சுளிக்கிறார்கள். வாட்ச் இல்லாமல் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஓடிக்கொண்டே போனில் பேசினால், மறுமுனையில் இருப்பவருக்கு நீங்கள் ஓடுகிறீர்கள் என்பது தெரியக் கூடாது. மூச்சு வாங்கி வாக்கியத்தைப் பாதியில் விட்டால் வேகம் அதிகம்.

ஸ்டீபன் செய்லர் என்ற ஆய்வாளர் நார்வேயில் இருக்கிறார். உலகத் தரத்து ஓட்டக்காரர்கள், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள் நிஜத்தில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று வருடக்கணக்கில் கவனித்தவர். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மெதுவானவை, மீதி மிகக் கடுமையானவை, நடுத்தரம் கொஞ்சம்தான் என்பது அவர் திரும்பத் திரும்பக் காட்டிய விஷயம். அவர்கள் வாரத்துக்கு 15, 20 மணி நேரம் செய்கிறார்கள். உங்களுக்கு ஆறரை மணி நேரம்தான். அதனால் 80 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் உங்கள் வாரத்தில் மெதுவான ஓட்டம் பூஜ்யம் சதவீதம், உண்மையாகவே கடுமையானது வியாழன் ஒன்று. மற்றதெல்லாம் நடுவில் கிடக்கிறது. களைப்பு வருகிற அளவுக்கு வேகம், முன்னேற்றம் வராத அளவுக்கு மெதுவு.

இதை மோசமாக்குவதுதான் உங்கள் புதன்கிழமை. ஒரே அளவு சிரமத்துக்கு, ஓட்டத்தைவிட சைக்கிளில் இதயத்துடிப்பு பொதுவாக ஐந்து முதல் பத்து வரை குறைவாக இருக்கும். உட்கார்ந்திருக்கிறோம், உடல் எடையைச் சுமக்கவில்லை, வேலை செய்யும் தசையும் குறைவு. ஆகவே சைக்கிளில் 152 என்பது ஓட்டத்தில் 157, 162 மாதிரி. நீங்கள் 'ஓய்வு மாதிரி' என்று எழுதிய நாள் செவ்வாய்க்கிழமையைவிடக் கடினமான நாள்! நீச்சலில் துடிப்பு இன்னும் இறங்கும். உடம்பு படுக்கைவசத்தில் இருக்கிறது, தண்ணீரும் குளிர்விக்கிறது. அதனால் வாட்ச் காட்டும் எண்ணை வைத்து இன்றைக்கு லேசாகத்தான் செய்தேன் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்பின் வகுப்பின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாட்டும் கூட்டமும் பயிற்சியாளரின் கத்தலும் சேர்ந்து, மெதுவாக மிதிக்க வேண்டும் என்று நினைத்துப் போனவரைக்கூட விரட்டிவிடும் என்பதுதான் என் அனுபவம்.

கிராஸ் டிரெயினிங் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, எல்லாப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதை ஓட்டத்தின்மேல் கூடுதலாகக் கொட்டக் கூடாது. ஓட்டம் எதைத் தேய்க்கிறதோ அந்த இடத்துக்குப் பதிலாக வைக்க வேண்டும். உடம்பில் கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. இதயமும் நுரையீரலும் ஒரு கணக்கு. ஒரு கடின நாளைக்கு அப்புறம் ஓரிரு நாளில் சமனாகிவிடும். தசைக்கு இரண்டு, மூன்று நாள். எலும்பும் தசைநாணும் மூன்றாவது கணக்கு. அது வாரத்தில் சமனாவதில்லை, மாதத்தில் ஆகிறது. சைக்கிள் முதல் இரண்டிலிருந்து செலவழிக்கிறது, மூன்றாவதை அதிகம் தொடுவதில்லை. நீச்சலும் கால் எலும்பைத் தொடாது. ஓட்டம் மூன்றிலிருந்தும் எடுக்கும். உங்கள் வலி மூன்றாவது கணக்கில், உங்கள் எரிச்சலும் 60 துடிப்பும் முதல் இரண்டில். இரண்டுக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது.

மூன்றாவது கணக்கை எண்ணிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 165 காலடி என்று வைத்துக்கொண்டால், உங்கள் வேகத்தில் 13 கி.மீ. ஓட ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 6,700 முறை தரையில் இறங்குகிறது. 18 கி.மீ. என்றால் 9,300. ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் 2,600 காலடியும் கடைசி அரை மணி நேரத்தில், கெண்டைக்கால் தசை சோர்ந்து அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் எலும்பிடம் தள்ளிவிடுகிற நேரத்தில் விழுபவை. எலும்பு பலப்படும் விதமும் கொஞ்சம் வில்லங்கமானது. புதுச் சுமை வந்ததும் அது முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, அப்புறம்தான் நிரப்புகிறது. முழுச் சுற்றும் முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். நடுவில் சில வாரங்கள் அந்த இடம் முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். 18-க்குத் தாவி இரண்டு வாரம் கழித்து வலி வந்தது என்கிறீர்கள். தாவிய அன்றைக்கே வந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

வாரத்துக்குப் பத்து சதவீதம்தான் கூட்ட வேண்டும் என்ற விதியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்த விதிப்படி மெதுவாகவும் இன்னொன்றுக்கு வழக்கம்போலவும் தூரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். வாரக் கூட்டுத்தொகையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் போதாது. நான் பார்ப்பது ஒரே ஓட்டத்தின் நீளத்தை. கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தைவிட இன்றைய ஓட்டம் எவ்வளவு அதிகம்? உங்கள் விஷயத்தில் ஒரே நாளில் 38 சதவீதம்.

வெள்ளிக்கிழமை ஜிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லன்ஜ் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடிப்பது) செய்தபின் வரும் தசைவலி அன்றைக்கே வராது. ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். நீங்கள் அதைச் சரியாக ஞாயிற்றுக்கிழமை 18 கி.மீ.க்குக் குறிபார்த்து வைத்திருக்கிறீர்கள்.

இனி அடுத்த மூன்று வாரத்துக்கு. வலி இருக்கும்வரை வேகத்தைச் சைக்கிளுக்குக் கொடுங்கள், ஓட்டம் முழுக்க மெதுவாக இருக்கட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வலிக்கிற காலோடு வேக ஓட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, சைக்கிளை உல்லாசமாக மிதிக்கிறார்கள். செவ்வாய் உங்கள் கடின நாள். காலையில் சைக்கிளில் பத்து, பதினைந்து நிமிடம் லேசாக மிதித்துவிட்டு, நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் லேசாக, ஐந்து முறை. ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத கடுமை. அன்று மாலையே ஜிம். ஒரே நாளில் இரண்டு கடினமா என்று கேட்பீர்கள். ஆமாம், கஷ்டத்தை ஒரே நாளில் குவித்தால்தான் மறுநாள் உண்மையிலேயே லேசான நாளாக இருக்கும். கடின நாளும் லேசான நாளும் மாறி மாறி வர வேண்டும் என்று ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மேன் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தன் வீரர்களிடம் வலியுறுத்தினார். அதற்கு மேல் நவீனமாக நான் எதையும் சொல்லவில்லை.

புதன் 35 நிமிடம் ஓட்டம், 7:15 பக்கம். வியாழன் நீச்சல் அரை மணி, நேரம் பார்க்காமல். வெள்ளி மறுபடி 35 நிமிடம் மெதுவாக. சனியும் திங்களும் ஒன்றுமில்லை, நடக்கலாம். ஞாயிறுதான் சுவாரஸ்யமானது. ஒரு மணி நேரம் மெதுவாக ஓடிவிட்டு, உடனே ஷூவைக்கூட மாற்றாமல் சைக்கிளில் ஏறி 45 நிமிடம் லேசாக மிதியுங்கள். இதயத்துக்கும் தசைக்கும் அது ஒன்றே முக்கால் மணி நேர லாங் ரன்னுக்குப் பக்கத்தில் வரும். கணைக்காலைப் பொறுத்தவரை முதல் ஒரு மணி நேரத்தோடு அன்றைய வேலை முடிந்தது. மொத்தம் வாரத்துக்கு ஐந்து மணி நேரத்தைச் சுற்றி வரும். இப்போது செய்வதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைவு, ஓடும் தூரம் 40 கி.மீ.யில் பாதிக்கும் கீழே. பயப்படாதீர்கள், மூன்று வாரத்தில் மூச்சுத் திறன் போய்விடாது. ஆழத் தண்ணீரில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஓடுவதுபோல் செய்தே நான்கு முதல் ஆறு வாரம்வரை உடல்தகுதியைக் காப்பாற்றிக்கொண்ட ஓட்டக்காரர்கள் உண்டு; நீங்கள் ஓடவும் போகிறீர்கள்.

ஓடும்போது வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று உங்களையே கேளுங்கள். இரண்டுவரை பொறுக்கலாம். மறுநாள் காலை அந்த முதல் பத்து அடி, முந்தைய நாள் காலையைவிட மோசமாக இருந்தால் அன்றைய ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள்.

ஜிம்மில் ஒரு திருத்தம். ஸ்குவாட் இருக்கட்டும், ஆனால் கெண்டைக்காலுக்கு என்ன செய்கிறீர்கள்? கடிதத்தில் சொல்லவில்லை; பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஓடும்போது கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசை உடல் எடையைப் போல ஆறு, ஏழு மடங்கு இழுவிசையைத் தாங்குகிறது. முழங்காலை மடித்து உட்கார்ந்த நிலையில், தொடைமேல் நல்ல எடை வைத்துக் குதிகாலை உயர்த்துங்கள். எட்டு முதல் பத்து முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை திணற வேண்டும். எடை இல்லாமல் ஐம்பது முறை செய்வது இதற்கு ஈடாகாது. அப்புறம் நின்றபடி ஒற்றைக்காலில் எத்தனை முறை குதிகாலை உயர்த்த முடிகிறது என்று இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். இருபதுக்குக் குறைவு என்றாலோ, வலது இடதைவிட நன்றாகக் குறைந்தாலோ, வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்று வாரம் காலை நேரத்தில் வலியே இல்லாமல் இருந்தால், செவ்வாய்க் கடுமையைச் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாற்றலாம். அதே ஐந்து முறை நான்கு நிமிடம், 5:40 பக்கம், இடையில் நடை. ஞாயிறு ஓட்டத்தில் வாரத்துக்கு எட்டு நிமிடம் கூட்டி, சைக்கிளில் எட்டு நிமிடம் கழியுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டாமல் கொஞ்சம் குறையுங்கள். 6:15-க்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள்.

இந்தக் கட்டத்தில்தான் கிராஸ் டிரெயினிங் ஏமாற்றும். சைக்கிள் எலும்பைத் தேய்க்காது என்றேன். அதை உறுதியாக்கவும் செய்யாது. வருடக்கணக்கில் சைக்கிளை மட்டுமே ஓட்டும் போட்டி வீரர்களில் பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். நானே ஒருமுறை குதிகால் வலிக்காக ஆறு வாரம் சைக்கிளோடு இருந்துவிட்டு, வலி போனதும் முதல் நாளே 12 கி.மீ. ஓடினேன். மூச்சு கொஞ்சமும் வாங்கவில்லை, பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்கிற தொழிலில் இருந்துகொண்டு.

2 மணி நேரம் நடக்குமா? அதற்கு 5:41 வேண்டும், இருப்பது 6:10. பதினான்கில் மூன்று வாரம் காலைச் சரிசெய்யப் போய்விடுகிறது. இப்போதே ஆம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்பதாவது வாரத்தில், வலி இல்லையென்றால், ஒரு 10 கி.மீ. முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள். 54 நிமிடம் பக்கம் வந்தால் 2 மணி நேரம் நியாயமான ஆசை. 57 என்றால் 2:05, 2:06-க்குத் திட்டமிட்டு ஓடுங்கள்.

இரவுச் சாப்பாட்டை இன்றைக்கே பழையபடி ஆக்குங்கள். இதில் மட்டும் நான் பேரம் பேசத் தயாரில்லை. செலவுக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் உடம்பு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். எலும்பைப் பழுதுபார்ப்பதும் ஹார்மோன் சுரப்பும் அந்தப் பட்டியலில் சீக்கிரமே வந்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய் தவறி எச்சரிக்கை கிடைத்துவிடுவதால் ரொம்ப நாள் இதைப் பெண்களின் பிரச்சினை என்றே பேசினார்கள். ஆண்களுக்கும் வரும் என்று 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு பெயரையே மாற்றி அறிவித்தது. ஆண்களிடம் அது எரிச்சலாக, தூக்கக் கெடுதலாக, தாம்பத்திய ஆசைக் குறைவாக, ஆறாத கணைக்காலாக வரும். ஓடும் தூரம் குறைகிறதே, சாப்பாட்டையும் குறைப்போம் என்று இந்த மூன்று வாரத்தில் தோன்றும், வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் சரியான பிறகும் காலைத் துடிப்பு 54 பக்கம் இறங்கவில்லை, களைப்பும் தீரவில்லை என்றால் இரும்புச் சத்து, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஷூ. இந்த வலிக்கு ஷூ மட்டுமே காரணமாக இருந்து நான் பார்த்தது அபூர்வம். 700, 800 கி.மீ. ஓடிய ஜோடி என்றால் மாற்றுங்கள், அதே வகையிலேயே. குதிகால் உயரமோ மெத்தையின் தடிமனோ மிகவும் மாறுபட்ட ஒன்றை இப்போது வாங்கினால் காலுக்கு அது இன்னொரு புதுச் சுமை. புதியதை முதல் இரண்டு வாரம் புதன், வெள்ளி குறுகிய ஓட்டங்களுக்கு மட்டும் போடுங்கள். பழையது சைக்கிளுக்குப் போதும்.